கண்டதை எழுதிய எமிலி அம்மையார்

1901ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டைன் புகைவண்டி நிலையத்தில் நாற்பது வயதான ஆங்கிலப் பெண்மணி ஒருவர் வந்து இறங்கினார். ஒரு சரக்குப் பெட்டி நிறைய உணவும் துணியும் அவருடன் வந்தன. அவரை அரசு அனுப்பவில்லை. நல்லெண்ணம் கொண்ட சிலரிடம் அவரே முன்னின்று திரட்டிய துயர் துடைப்பு நிதி ஒன்றே அவருக்குத் துணை. நகரிலிருந்து இரண்டு கல் தொலைவில், மர நிழலற்ற குன்றின் சரிவில், வெண்கூடாரங்கள் வரிசை வரிசையாக நின்றன. உள்ளே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். அவர்களுள் தொள்ளாயிரவருக்கு மேற்பட்டோர் குழந்தைகள். எமிலி ஹாப்ஹவுஸ் அக்கூடாரங்களுக்குள் குனிந்து நுழைந்தார். கிடைத்த இடத்தில் அமர்ந்தார். ஒவ்வொரு குடும்பத்தாரும் சொன்னதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அதுவரை அவருடைய வாழ்வில் குறிப்பிடத்தக்க வெற்றி என்று எதுவும் இல்லை. 1860 ஏப்ரல் 9ஆம் நாள் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் செயின்ட் ஐவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் திருச்சபைக் குரு. இளவல் லியோனார்டு ஆக்ஸ்ஃபோர்டு சென்று பயின்று, பின்னாளில் சமூகவியல் அறிஞராகப் புகழ் பெற்றார். தமக்கைக்கோ முறையான கல்வி பெரிதாக வாய்க்கவில்லை. இருபது வயதில் தாயை இழந்தவர், 1895இல் தந்தையார் மறையும்வரை அவருக்குப் பணிவிடை செய்தே இளமையைக் கழித்தார். பின்பு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளரிடையே தொண்டு செய்யச் சென்றார். அங்கே ஒரு திருமண உறுதி, மெக்சிகோவில் நிலம் வாங்கிக் குடியேறும் திட்டம், இரண்டும் முறிந்தன. கையிருப்பும் கரைந்து 1898இல் நாடு திரும்பினார்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் தென்னாப்பிரிக்கப் போர் மூண்டது. டச்சு வழிவந்த உழவர்களாகிய போயர்களின் இரு குடியரசுகளான டிரான்ஸ்வாலையும் ஆரஞ்சு சுதந்திர நாட்டையும் பிரிட்டன் வென்று கைப்பற்ற முனைந்தது. தலைநகரங்கள் வீழ்ந்த பின்னும் போயர்கள் சிறு சிறு படைகளாகப் பிரிந்து மறைந்திருந்து தாக்கினர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் கிடைக்காமற் செய்யக் கிச்சனரின் படை பண்ணை வீடுகளை எரித்தது, விளைச்சலை அழித்தது, கால்நடைகளைக் கொன்றது. வீடிழந்த பெண்களையும் பிள்ளைகளையும் திறந்த சரக்கு வண்டிகளில் ஏற்றி முகாம்களில் அடைத்தது. அவற்றிற்கு அகதிகள் முகாம் என்று பெயரிட்டதைச் சொல்லின் மீது நிகழ்த்திய வன்முறை என்றே கூறவேண்டும். அடைக்கலம் தேடி அங்கு வந்தோர் சிலரே. பெரும்பாலோர் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள்.

முகாமில் எமிலி அம்மையார் முதலிற் கவனித்த குறைகளுள் ஒன்று சோப்பு. உணவுப்படியில் அது இடம்பெறவில்லை. கேட்டபோது அது ஆடம்பரப் பொருளாகக் கருதப்பட்டது. மோடர் ஆற்று நீரைக் காய்ச்சாமற் குடிக்க முடியாது; காய்ச்சுவதற்கு விறகு இல்லை. ஒரு கூடாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். கட்டிலும் மெத்தையும் அரிது. போர்க்களத்தில் இன்னும் நிற்கும் ஆடவரின் குடும்பங்களுக்கு மற்றவர்க்குத் தந்ததிலும் குறைந்த உணவே அளக்கப்பட்டது. கணவன் சரணடையாததற்காகக் குழந்தையின் இறைச்சித் துண்டைக் குறைத்தார்கள். நோர்வால்ஸ்பான்ட், அலிவால் நார்த், கிம்பர்லி, மாஃபெகிங் எனப் பல முகாம்களையும் பார்த்துவிட்டு ஏப்ரலில் மீண்டும் புளூம்ஃபோன்டைன் வந்தபோது, அங்கே மக்கள் தொகை இருமடங்காகியிருந்தது. ஸ்பிரிங்ஃபோன்டைனில் கிழிந்த துணியால் வேய்ந்த ஒதுக்கிடத்தின் கீழ், மடியில் உயிர் பிரிந்துகொண்டிருந்த குழந்தையோடு கண்ணீரின்றி அமர்ந்திருந்த தாய் ஒருத்தியை அவர் கண்டார். அக்காட்சி அவரை விட்டு நீங்கவேயில்லை.

கொண்டு சென்ற பொருள்கள் எத்தனை பேருக்குப் போதும்? அந்த உண்மையை உணர்ந்து 1901 மே மாதம் தாயகம் திரும்பினார். போர் அமைச்சர் பிராட்ரிக்கைச் சந்தித்தார். எதிர்க்கட்சித் தலைவர் கேம்பெல் பானர்மனிடம் கண்டவற்றை விரித்துரைத்தார். அதன் பின்னரே அத்தலைவர் இப்போர்முறையைக் காட்டுமிராண்டித்தனம் எனப் பொதுமேடையில் கண்டித்தார். சூன் மாதம் அம்மையாரின் அறிக்கை வெளிவந்தது. நீர், விறகு, சோப்பு, படுக்கை, மருந்து எனப் பெரும்பாலும் அது பொருள்களின் கணக்கு. எழுத்தின் வலிமையை அணிகளில் தேடுவோர் ஒருமுறை படித்துப் பார்க்கத்தக்கது. ஓர் அரசு அதைக் கண்டு அஞ்சியது.

ஏடுகள் பல அவரைத் தேசத்துரோகி என்று தூற்றின. அரசு பெண்களையே உறுப்பினராகக் கொண்ட விசாரணைக் குழுவை மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் அமைத்தது; எமிலி அம்மையாருக்கு அதில் இடம் தரவில்லை. போரை ஆதரித்த ஃபாசெட் அம்மையாரின் குழுவே நேரிற் சென்று பார்த்துவிட்டு, குறைகள் மெய்யென்று உறுதி செய்து, சீர்திருத்தங்களை வலியுறுத்தியது. அதே அக்டோபரில் எமிலி அம்மையார் மீண்டும் கேப்டவுன் சென்றார். கரையிறங்க அவரை விடவில்லை. சில நாட்களில் படைச் சட்டத்தின்படி வேறொரு கப்பலுக்கு மாற்ற முயன்றபோது அவர் உடன்படாமையால், போர்வைக்குள் சுற்றித் தூக்கிச் சென்றார்கள். அந்த அக்டோபரில்தான் முகாம்களின் இறப்பு விகிதம் உச்சத்தில் இருந்தது. நிர்வாகம் திருந்தத் திருந்த 1902இல் அது வீழ்ந்தது. ஆயினும் மே 31இல் போர் முடிவதற்குள் போயர் முகாம்களில் மட்டும் ஏறத்தாழ 28,000 பேர் மாண்டிருந்தனர். அவர்களுள் 22,000 பேருக்கு மேற்பட்டோர் பதினாறு வயது நிரம்பாதவர்கள்.

கறுப்பின மக்களுக்கெனத் தனி முகாம்கள் இருந்தன. அங்கு இறந்தோருள் பதிவானவர் மட்டுமே 14,000க்கும் மேல். உண்மைத் தொகை இதனினும் மிகுதி என்பர் ஆய்வாளர். எமிலி அம்மையார் அம்முகாம்களை ஆராயவில்லை. பிறர் சென்று பார்க்க வேண்டும் என்று குறிப்பிட்டதோடு நின்றார். அவர் வரலாற்றில் இது ஒரு குறையே. அதை மறைப்பது அவருக்குப் பெருமை சேர்க்காது.

போருக்குப் பின் எரிந்துபோன பண்ணைகளுக்குத் திரும்பினார். 1905இல் ஃபிலிப்போலிஸ் என்னும் ஊரில் போயர் பெண்களுக்கு நூற்பும் நெசவும் கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். மேலும் பல பள்ளிகள் அதைத் தொடர்ந்து எழுந்தன.

முகாம்களில் மடிந்த 26,370 பெண்கள், குழந்தைகள் நினைவாகப் புளூம்ஃபோன்டைனில் எழுப்பிய தூண் 1913 திசம்பர் 16இல் திறக்கப்பட்டது. சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்ட அம்மையார் உடல் நலிவால் வழியிலேயே திரும்ப நேர்ந்தது. அவர் உரையை வேறொருவர் படித்தார். பகைவரை மன்னிக்கவும், தாம் வேண்டிய விடுதலையைப் பிறருக்கு மறுக்காதிருக்கவும் போயர்களை அவர் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டில்தான் கறுப்பின மக்கள் நாட்டின் பெரும்பகுதியில் நிலம் வாங்குவதைத் தடுக்கும் சட்டம் வந்திருந்தது என்பதை எண்ணினால், கேட்டவர் நெஞ்சில் அவ்வுரை எப்படித் தைத்திருக்கும் என்பது விளங்கும்.

அப்போது நேட்டாலில் இந்தியரின் அறப்போர் நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தும் மூன்று பவுன் தலைவரியால் வாடிய கூலித் தொழிலாளருள் தமிழர் மிகப் பலர். சிறைசென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர் துறந்ததைத் தமிழகம் நன்கறியும். காந்தியடிகள் அறிவித்திருந்த பேரணியைச் சில நாள் தள்ளிவைக்கும்படி எமிலி அம்மையார் தந்தியில் வேண்டினார். தம் நண்பர் ஸ்மட்ஸுக்கு இந்தியருக்காகப் பரிந்து எழுதினார். நோயுற்ற அப்பெண்மணியின் கடிதம் மூடியிருந்த கதவொன்றைத் திறக்க உதவியது. 1914 சனவரியில் காந்தியடிகளுக்கும் ஸ்மட்ஸுக்கும் இடைக்கால உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டே மூன்று பவுன் வரி நீங்கியது.

முதல் உலகப் போரிலும் அவர் மாறவில்லை. 1916இல் செருமானியர் பிடியிலிருந்த பெல்ஜியத்துக்கும் பெர்லினுக்கும் தன்னந்தனியே சென்று சமாதானத்துக்கு வழி தேடினார். மீண்டும் துரோகிப் பட்டம். போர் ஓய்ந்ததும் லைப்சிக் நகரின் பசித்த பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் உணவளிக்க ஏற்பாடு செய்தார். முதுமையில் வறுமை சூழ்ந்தபோது, தென்னாப்பிரிக்க மக்கள் ஆளுக்கு அரைக் கிரௌன் வீதம் திரட்டி அனுப்பிய தொகையில் கார்ன்வால் கடற்கரையில் அவருக்கு வீடு கிடைத்தது.

1926 சூன் 8ஆம் நாள் இலண்டனில் மறைந்தார். பிறந்த நாடு பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. காந்தியடிகள் யங் இந்தியா இதழில் அஞ்சலி எழுதி, இந்தியப் பெண்கள் அவரை நினைவிற் கொள்ள வேண்டும் என்றார். பின்னாளில் நிறவெறி அரசு தன் நீர்மூழ்கிப் போர்க்கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. போரை வெறுத்தவருக்கு இதனினும் பொருந்தாச் சிறப்பு இருக்க முடியாது. அவருடைய சாம்பல் கடல் கடந்து சென்று அந்த அக்டோபரில் புளூம்ஃபோன்டைன் தூணின் அடியில் வைக்கப்பட்டது. அத்தூணில், மடியில் மாளும் குழந்தையோடு அமர்ந்திருக்கிறாள் ஒரு தாய். ஸ்பிரிங்ஃபோன்டைனில் தாம் கண்டவளை எமிலி அம்மையார் விவரித்துச் சொல்லக் கேட்டுச் சிற்பி ஆன்டன் வான் வோவ் வடித்த உருவம் அது.