செடிகளைத் தேடி வந்த டாக்டர்



பிகோனியா என்ற செடியைப் பார்த்திருக்கிறீர்களா? நர்சரிகளில் நிழல்வலைக்குக் கீழே வரிசையாக வைத்திருப்பார்கள். அடுத்த முறை பார்க்கும்போது அதன் இலையைக் கவனியுங்கள். நடு நரம்புக்கு ஒரு பக்கம் பெரிதாகவும், மறு பக்கம் சிறிதாகவும் இருக்கும். ஒரே செடியில் ஆண் பூ தனியாகவும், பெண் பூ தனியாகவும் பூக்கும்.

இது வெளிநாட்டுச் செடி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பல வகைப் பிகோனியாக்கள் தாமாகவே வளர்கின்றன. மழைக்காலத்தில், ஈரம் கசியும் பாறை இடுக்குகளில் அவற்றைக் காணலாம். அவற்றில் சிலவற்றை உலகத்துக்கு அறிமுகம் செய்தவர், நம் பாளையங்கோட்டையில் வேலை பார்த்த ஒரு டாக்டர். அவர் பெயர் ராபர்ட் வைட்.

1796ம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தார் வைட். எடின்பரோ நகரில் மருத்துவம் படித்தார். 1819ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் மருத்துவராக இந்தியாவுக்கு வந்தார். நோயாளிகளைக் கவனித்தது போக மீதி நேரமெல்லாம் செடிகளோடுதான். கண்ணில் பட்ட செடியைப் பூவோடும் காயோடும் பறிப்பார். தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி உலர்த்துவார். எங்கே கிடைத்தது என்று குறித்து வைப்பார்.

இப்படிச் சேர்த்தவற்றைப் பெட்டிகளில் அடைத்து ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார். ஐயோ பாவம்! வழியில் கப்பல் விபத்துக்குள்ளானது. அத்தனையும் கடலோடு போயிற்று. வேறு யாராவது என்றால் சோர்ந்து போயிருப்பார்கள். வைட் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

1826ல் சென்னையில் அரசின் இயற்கை ஆய்வாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் அரசு அந்தப் பதவியையே நீக்கிவிட்டது. நாகப்பட்டினத்துக்குப் படை மருத்துவராக அனுப்பப்பட்டார். பதவி போனாலும் ஆர்வம் போகவில்லை. சொந்தச் செலவில் ஆட்களை வைத்துச் செடிகளைச் சேகரித்தார். 1831ல் உடல்நலம் குன்றி விடுப்பில் ஊருக்குப் போனபோது, அவருடன் போன உலர்ந்த செடிகள் எவ்வளவு தெரியுமா? சுமார் ஒரு லட்சம்! அவற்றை வைத்து, நண்பர் வாக்கர் ஆர்னட்டுடன் சேர்ந்து 1834ல் தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார்.

பாளையங்கோட்டையில்...

இந்தியா திரும்பிய வைட், பெல்லாரியிலிருந்து படையோடு புறப்பட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். வழியெல்லாம் செடி சேகரிப்புதான். இங்கிருந்து குற்றாலம் மலைக்குப் போனார். இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் அதே குற்றாலம்தான்! அங்குள்ள செடிகளைக் கண்டு வியந்தார். கடல் கடந்து இலங்கைக்கும் போய் வந்தார்.

பிகோனியா போன்ற செடிகளில் ஒரு சிக்கல் உண்டு. தண்டிலும் இலையிலும் நீர்ச்சத்து அதிகம். அழுத்தி உலர்த்தினால் நிறம் மாறிவிடும், சில சமயம் அழுகியும் போகும். செடி வாடுவதற்குள் பார்த்து வரைந்து வைத்தால்தான் அதன் உண்மையான உருவம் பிறருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் இன்று போல் கேமரா வசதி ஏது?

அந்த வேலையைச் செய்தவர்கள் நம் தென்னிந்திய ஓவியர்கள். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. பூவின் உள்ளே இருக்கும் மகரந்தத்தாள் வரை அச்சு அசலாக வரைந்தார்கள். அவற்றை வைட் கல் அச்சில் அச்சிட்டார். 1838 முதல் 1853 வரை வெளியான அவரது பெரிய நூல் வரிசையில் மட்டும் 2,101 படங்கள்! பிகோனியாக்களும் அதில் உண்டு. அவற்றுள் ஒன்று, இதய வடிவ இலை கொண்ட பிகோனியா. கோவிந்துவைப் பாராட்டி, ஓர் ஆர்க்கிட் செடிக்கு அவர் பெயரையே வைட் சூட்டினார்.

எல்லாவற்றிலும் அவர் வெற்றி பெறவில்லை. 1842 முதல் கோவையில் அமெரிக்கப் பருத்தியை வளர்க்கும் சோதனைப் பண்ணையைக் கவனித்தார். அது எதிர்பார்த்த பலன் தரவில்லை. 1853ல் இங்கிலாந்து திரும்பி விவசாயம் செய்தார். தன் செடித் தொகுப்பை லண்டன் அருகே உள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொடுத்தார். 1872 மே 26ல் காலமானார்.

நீங்களும் வளர்க்கலாம்!

திசையன்விளை போன்ற வெயில் ஊரில் பிகோனியா வளருமா என்று கேட்கிறீர்களா? மலைக்காட்டில் அது எப்படி வாழ்கிறது என்று யோசித்தால் விடை கிடைக்கும். அங்கே மர நிழல் உண்டு, ஈரம் உண்டு. ஆனால், பாறைச் சரிவு என்பதால் தண்ணீர் தேங்காது.

அடியில் துளையுள்ள மண் தொட்டி ஒன்றை எடுங்கள். நம் ஊர்ச் செம்மணல், மக்கிய சாண எரு, தென்னை நார்க் கழிவு மூன்றையும் கலந்து நிரப்புங்கள். காலை வெயில் மட்டும் லேசாகப் படும் திண்ணையோரமாக வையுங்கள். உச்சி வெயில் பட்டால் இலை கருகிவிடும். மேல்மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். பிகோனியா சாவது பெரும்பாலும் தண்ணீர் குறைந்து அல்ல, கூடிப்போய் வேர் அழுகித்தான். தண்டை ஒடித்து நட்டால் புதுச் செடி தயார்.

சில வகைகளில் இலையும் தண்டும் பட்டுப்போகும். உடனே தூக்கி எறிந்துவிடாதீர்கள்! மண்ணுக்குள் கிழங்கு உறங்கிக் கொண்டிருக்கும். சீனா, ஜப்பான் நாடுகளின் ஒரு வகை, குளிர்காலத்தையே இப்படித்தான் கடக்கிறது. நம் மலை வகைகள் சில, கோடையை இப்படிக் கடக்கின்றன. மழை வந்ததும் மீண்டும் துளிர்க்கும்.

கப்பல் மூழ்கியபோதும், பதவி போனபோதும் வைட் செய்ததும் அதைத்தானே! நீங்களும் ஒரு நோட்டும் பென்சிலும் எடுங்கள். உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள செடிகளைப் பறிக்காமல், பார்த்து வரையுங்கள். எந்த நாளில், எந்த இடத்தில் பார்த்தீர்கள் என்பதை எழுத மறக்காதீர்கள். நாளைய தாவரவியல் அறிஞர் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்!