4 டன் உப்பு, ஒரு மூட்டை புத்தகம், டஜன் மூக்குக்கண்ணாடி... ரூஸ்வெல்ட் வேட்டைக்குக் கிளம்பிய கதை!

அந்த போட்டோ உங்க போனுக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். அடர்ந்த மீசை, மூக்குக்கண்ணாடியோட ஓர் அமெரிக்கர், பெரிய கொம்பு வச்ச மிருகத்தின் முதுகில் ஜம்முனு உட்கார்ந்து தண்ணீரைக் கடந்து போவார். அந்த மனுஷன் அமெரிக்காவின் 26-வது ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். மிருகம், மூஸ். போட்டோ, சுத்தமான டுபாக்கூர்!

1912 தேர்தல் நேரத்தில், அவர் குதிரையில் உட்கார்ந்திருந்த படத்தைக் கத்திரிச்சு மூஸ் மேல ஒட்டினாங்க. எதிராக நின்ற டாஃப்ட்டை யானை மேலயும், வில்சனைக் கழுதை மேலயும் ஏற்றிவிட்டு, மூன்றையும் சேர்த்து நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையில் வேடிக்கையாகப் போட்டாங்க. நூறு வருஷம் கழிச்சு வேடிக்கை மறந்துபோச்சு, ஃபார்வர்டு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு.

ஆனா, ரூஸ்வெல்ட்டுக்கும் மூஸுக்கும் நிஜமாகவே ஒரு சந்திப்பு நடந்தது. அதுக்கு முன்னாடி அவர் எப்படி மூட்டை கட்டுவார்னு நீங்க தெரிஞ்சுக்கணும். ஏன்னா, அந்த ஆளோட வாழ்க்கையில் பாதி, கிளம்புறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிடும்.

(ரெண்டாம் உலகப்போர் காலத்து ஜனாதிபதி ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேற ஆள். தூரத்துச் சொந்தம்.)

கண்ணே தெரியாத வேட்டைக்காரன்

1858-ல் நியூயார்க்கின் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். வசதிக்குக் குறைவில்லை, மூச்சுக்குத்தான் குறை. ஆஸ்துமா. ராத்திரியில் மூச்சு விட முடியாமல் திணறும் பிள்ளையை அப்பா கையில் தூக்கிக்கொண்டு நடப்பார். சில நாள், காத்து படட்டும்னு குதிரை வண்டியில் வைத்துத் தெருத்தெருவாக ஓட்டிப்போவார். பையன் கொஞ்சம் வளர்ந்ததும், உனக்கு மூளை இருக்கு, உடம்பை நீதான் உண்டாக்கிக்கணும்னு சொல்லிட்டார். வீட்டிலேயே உடற்பயிற்சிக் கூடம் வந்தது. பையன் விடாமல் பயிற்சி செய்தான்.

13 வயசில் முதல் துப்பாக்கி கையில் வந்தது. கூட வந்த பசங்க டப்பு டப்புன்னு சுடுறாங்க. இவனுக்கு எதைச் சுடுறாங்கன்னே தெரியலை. ஒருநாள் தூரத்திலிருந்த விளம்பரப் பலகையைப் பசங்க சத்தமா வாசிச்சப்போதான் விஷயம் புரிஞ்சது. இவன் கண்ணுக்கு அங்கே எழுத்து இருக்கிறதே தெரியலை! அப்பாகிட்ட சொன்னான், கண்ணாடி வந்தது. உலகம் இவ்வளவு அழகான்னு அன்னிக்குத்தான் அவனுக்குத் தெரிஞ்சது.

அதுக்கப்புறம் சாகும்வரை அவர் மூட்டையில் முதல் ஐட்டம், உபரி மூக்குக்கண்ணாடி. 1898-ல் கியூபாவுக்குப் போருக்குப் போனபோது சுமார் ஒரு டஜன் கண்ணாடிகளைச் சீருடையிலும் தொப்பியிலுமாக ஒளித்துவைத்துக்கொண்டு போனார். காட்டில் கண்ணாடி உடைஞ்சா கடைக்குப் போக முடியாதே. கண்ணு தெரியாத வேட்டைக்காரனை மிருகம் வேட்டையாடிடும்.

மாற்றுப்பொருளின் அருமை அவருக்கு காலேஜ் நாளிலேயே தெரியும். ஹார்வர்டு மாணவராக இருந்தபோது மெய்ன் மாநிலத்துக் காடுகளுக்குப் போவார். பில் சூவல்ங்கிற காட்டு வழிகாட்டிதான் அங்கே அவருக்கு வாத்தியார். 1879-ல் கட்டாடின் மலைக்கு ஏறப் போகும் வழியில், ஓடையைக் கடக்கும்போது ஒரு ஷூ தண்ணியோட போயிடுச்சு. மூட்டையிலிருந்து மெல்லிய தோல் செருப்பை எடுத்து மாட்டிக்கிட்டு, சுமார் 1,600 மீட்டர் உயர மலையை ஏறி முடிச்சார். பாதம் என்ன பாடுபட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

எல்லாத்திலயும் இப்படி விவரமா இருந்தார்னு சொல்ல முடியாது. 1880-களில் டகோட்டாவின் வறண்ட மேட்டுநிலத்துக்குப் போனபோது, மான்தோலில் தைத்த ஸ்பெஷல் உடுப்பும், நகைக்கடைக்குப் பேர்போன டிஃபனியில் செய்த வெள்ளிப்பிடிக் கத்தியுமாகப் போய் இறங்கினார். ஸ்டூடியோவில் அதைப் போட்டுக்கிட்டு போஸ் வேற! நாலு கண்ணன்னு மாட்டுக்காரர்கள் கிண்டலடிச்சாங்க. அந்த விஷயத்தில் நம்ம ஆளும் கொஞ்சம் இன்ஸ்டா பார்ட்டிதான்.

ஆனா, அங்கே அவர் தங்கினதுக்குப் பின்னாடி இருந்தது விளையாட்டில்லை. 1884 பிப்ரவரி 14. ஒரே வீட்டில், ஒரே நாளில், அம்மாவும் இறந்தார், பிரசவமாகி ரெண்டு நாளே ஆன மனைவி ஆலிஸும் இறந்தார். ரூஸ்வெல்ட்டுக்கு அப்போ வயசு 25. டைரியில் பெரிசா ஒரு பெருக்கல் குறி போட்டு, கீழே ஒரே ஒரு வரி எழுதினார். கைக்குழந்தையை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு டகோட்டாவுக்குப் போய்விட்டார். குதிரை, மாடு, குளிர், துப்பாக்கி. உடம்பை அசதியாக்கி மனசைத் தூங்கவைக்கிற வேலை.

உப்பு கணக்கு

இப்போ 1909-க்கு வருவோம். மார்ச் 4-ம் தேதி ஜனாதிபதி பதவி முடிந்தது. மார்ச் 23-ம் தேதி கப்பல் ஏறிட்டார். பதவியில் இருக்கும்போதே, ஃப்ரெடரிக் செலூஸ் மாதிரி ஆப்பிரிக்கக் காடுகளைக் கரைத்துக் குடித்த வேட்டைக்காரர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி, என்ன துப்பாக்கி, என்ன கூடாரம், எந்த வழின்னு கேட்டு வாங்கிட்டார். வெள்ளை மாளிகையில் நாட்டு நிர்வாகம் ஒருபக்கம், பேக்கிங் ஒருபக்கம்.

கூட மகன் கெர்மிட், 19 வயசு, காலேஜுக்கு லீவு போட்டு வந்தவன். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காக மிருகங்களைச் சேகரிக்கும் பயணம் என்பதால் மூன்று இயற்கை ஆய்வாளர்களும் உண்டு. சுமைதூக்கிகள் மட்டும் 200 பேருக்கு மேல். சாப்பாட்டுக் கணக்கில் ஊர் ருசி மறக்காம இருக்க டின்னில் அடைத்த பாஸ்டன் பீன்ஸ், கலிஃபோர்னியா பீச் பழம், தக்காளி.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவரோட புத்தக மூட்டைதான். சாதாரண அட்டை போட்ட புத்தகம் காட்டில் தாங்காது. வேர்வை, ரத்தம், துப்பாக்கி எண்ணெய், தூசி எல்லாம் சேர்ந்து நாசமாக்கிடும். அதனால், சுமார் 60 புத்தகங்களுக்குப் பன்றித்தோலில் அட்டை போட்டு, இலகுவான அலுமினியப் பெட்டியில் அடுக்கினாங்க. மொத்த எடை 60 பவுண்டுக்குக் கொஞ்சம் கம்மி. ஏன் அந்தக் கணக்கு? ஒரு சுமைதூக்கி தூக்கும் எடை அதுதான். எவ்வளவு படிக்கலாங்கிறதை ஒரு மனுஷனோட தலைச்சுமையை வைத்து முடிவு பண்ணியிருக்காங்க. மரத்தடியிலும், சுட்டுப்போட்ட மிருகத்தின் பக்கத்தில் ஆட்கள் வருவதற்குக் காத்திருக்கும் நேரத்திலும் அவர் படித்தது இந்தப் புத்தகங்களைத்தான்.

இன்னொரு விஷயம். வெள்ளை மாளிகையில் பாக்ஸிங் பழகும்போது விழுந்த ஒரு குத்தில் இடது கண் பார்வை கிட்டத்தட்ட போயிருந்தது. வெளியே சொல்லிக்கலை. ஆக, சிங்கத்துக்கு எதிரில் நின்றது ஒற்றைக் கண், அதிலும் கண்ணாடி!

சரி, அந்த 4 டன் உப்பு? தோலை உரித்ததும் உப்பு தடவாவிட்டால் வெப்பத்தில் அழுகிவிடும். அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேராது. 4 டன் உப்பு தூக்கிட்டுப் போறீங்கன்னா, எத்தனை தோல் உரிக்கப்போறோம்னு கிளம்பும்போதே முடிவு பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். அப்பாவும் மகனும் சேர்ந்து சுட்டது 512 மிருகங்கள். அதில் 9 வெள்ளைக் காண்டாமிருகங்கள், வடக்கு வகை. இன்னிக்கு அந்த வகையில் உலகத்திலேயே மிச்சம் இருக்கிறது ரெண்டே ரெண்டு, ரெண்டும் பெண்.

இதே ஆள்தான் அமெரிக்காவில் 5 தேசியப் பூங்காக்களையும், 51 பறவை சரணாலயங்களையும், சுமார் 150 தேசியக் காடுகளையும் உருவாக்கியவர். அறிவியலுக்காகச் செய்தது, அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம்னு சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்த 9 மட்டும் தொண்டையில் நிக்குது.

அடுத்தவர் கட்டிய மூட்டை

1912-ல் மறுபடி ஜனாதிபதி தேர்தலில் நின்றார். காளை மூஸ் மாதிரி திடமா இருக்கேன்னு அவர் சொல்லப்போக, புதுக்கட்சிக்கு அதுவே செல்லப்பெயர் ஆயிடுச்சு. அந்த டுபாக்கூர் போட்டோ வந்ததும் அதனாலதான். அக்டோபர் 14, மில்வாக்கி நகரில் ஒருவன் நெஞ்சைப் பார்த்துச் சுட்டான். குண்டு, மடித்து வைத்திருந்த 50 பக்க உரையையும் இரும்புக் கண்ணாடிக் கூட்டையும் துளைத்துவிட்டுத்தான் உடம்புக்குள் போனது. வேகம் குறைஞ்சதால் பிழைச்சார். ஆமாம், அதே கண்ணாடி! ரத்தத்தோட ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். குண்டை எடுக்கவே இல்லை. கடைசிவரை நெஞ்சிலேயே இருந்தது.

தேர்தலில் தோல்வி. அடுத்த வருஷம் தென் அமெரிக்கா. இந்த ஒரு பயணத்துக்குத்தான் அவர் மூட்டையை மத்தவங்க கட்டினாங்க. சொற்பொழிவு சுற்றுப்பயணம், அப்படியே கொஞ்சம் ஆற்றில் போய்வரலாம், பெரிய ஆபத்தில்லை என்ற நினைப்பு. சாமான் பொறுப்பு ஆன்டனி ஃபியாலா என்பவருக்கு. துருவப் பயணம் போய்ச் சிக்கித் தவித்த அனுபவசாலி. யோசிங்க, பனிப்பாலைக்குப் போன ஆள் அமேசானுக்கு லிஸ்ட் போடுறார்!

பிரேசிலில் இறங்கியதும் திட்டமே மாறியது. யாரும் வரைபடத்தில் வரையாத ஓர் ஆறு இருக்கு, போறீங்களான்னு கேட்டாங்க. உடனே சரின்னுட்டார். மூட்டை பழைய திட்டத்துக்குக் கட்டியது, பாதையோ புதுசு. பாரம் தாங்காமல் பொதி மாடுகள் வழியிலேயே மூட்டைகளை உதறித் தள்ளின. கொண்டுவந்த இலகுவான படகுகள் ஆற்றுக்கே வந்து சேரலை. மரத்தைக் குடைந்த 7 கனத்த தோணிகளில், 1914 பிப்ரவரி 27 அன்று 22 பேர் கிளம்பினார்கள். வெளியே வந்தவர்கள் 19 பேர். ஒருவர் வெள்ளத்தில் போனார். ஒருவரை உடன் வந்தவனே கொன்றான். கொன்றவன் காட்டோடு போனான்.

ரூஸ்வெல்ட்டின் கால் பாறையில் அடிபட்டுச் சீழ் பிடித்தது. மேலே மலேரியா. உணவு தீர்ந்துகொண்டே வந்தது. என்னை இங்கேயே விட்டுட்டு நீங்க போங்கன்னு ஒரு கட்டத்தில் சொல்லிட்டார். கெர்மிட் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவை விட்டுட்டு வர மாட்டேன்னு நின்றான். பிள்ளையைக் காப்பாத்தணும்னா, தான் உயிரோட வெளியே வந்தாகணும்னு அந்த அப்பாவுக்குப் புரிஞ்சது. உடம்பில் கால்வாசி எடை போய், ஏப்ரல் கடைசியில் வெளியே வந்தார். அந்த ஆற்றுக்கு இப்போ அவர் பேர்தான்.

நிஜ மூஸ்

நெஞ்சில் குண்டு, ஒற்றைக் கண், ஆறாத கால், அடிக்கடி வரும் காய்ச்சல். இந்த உடம்போடு 1915 செப்டம்பரில் கனடாவின் கியூபெக் காட்டுக்கு மூஸ் வேட்டைக்குப் போனார். 57 வயசு முடிய ஒரு மாசம்தான் பாக்கி. கூட வந்தவர் நெருங்கிய நண்பர் அலெக்ஸாண்டர் லாம்பர்ட், தொழிலில் டாக்டர். புத்திசாலித்தனமான பேக்கிங்!

ஆப்பிரிக்கா மாதிரி இங்கே 200 பேர் கிடையாது. ஏரியிலிருந்து ஏரிக்குப் படகு. நடுவே நிலம் வந்தால் படகையும் மூட்டையையும் தோளில் தூக்கிப் போகணும். ஒவ்வொரு பொருளையும் முதுகு கணக்குப் பார்க்கும். செப்டம்பர் ஏன்னா, அது மூஸ் இணைசேரும் பருவம். பிர்ச் மரப்பட்டையைக் கூம்பாகச் சுருட்டி, பெண் மூஸ் மாதிரி குரல் கொடுத்தால், காளை மூஸ் தேடிக்கிட்டு வரும். மான் இனத்திலேயே பெரியது இதுதான். காளை 500 கிலோவைத் தாண்டும். தோளே ஆள் உயரம், கொம்பு விரித்த உள்ளங்கை மாதிரி. அதனால், சுடுவது சின்ன வேலை. கறியையும் கொம்பையும் தோலையும் பங்குபோட்டு வெளியே தூக்கிவருவதுதான் பெரிய வேலை. அதுக்கு ஆள் எத்தனை, வழி எத்தனை தூரம்னு கணக்குப் போடாதவன் துப்பாக்கியை எடுக்கவே கூடாது.

எல்லாம் திட்டப்படி நடந்தது. அனுமதிச்சீட்டில் ஒரு காளை மூஸ், அதைச் சுட்டாச்சு. கொம்பைப் படகில் வைத்துக்கொண்டு திரும்பும்போது, இன்னொரு காளை கரையில் வந்து நின்றது. படகைத் திருப்பினால் அதுவும் கூடவே கரையோரமாக வருது. கத்திப் பார்த்தாங்க, தலைக்கு மேல் சுட்டும் பார்த்தாங்க. அசையலை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் இந்த முற்றுகை. கடைசியில் கரை இறங்கி நடந்தபோது பாய்ந்து வந்தது. சில அடி தூரத்தில் சுட்டு வீழ்த்தினார்.

ஊருக்கே வேட்டை ஒழுக்கம் சொன்ன முன்னாள் ஜனாதிபதி, ஒரு சீட்டுக்கு ரெண்டு மூஸ்! அங்கே கேட்க யாரும் இல்லை. இருந்தும், நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, உடன் இருந்த வழிகாட்டிகளோடு சேர்ந்து சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்தார். அடுத்த வருஷம் வந்த தன் புத்தகத்திலும் அந்தக் கதையைச் சேர்த்தார்.

1917-ல் இன்னொரு தடவை மூட்டை கட்டினார். முதல் உலகப்போருக்குத் தன்னார்வப் படையைத் திரட்டிப் போகணும்னு. ஜனாதிபதி வில்சன் அனுமதி தரலை. பிள்ளைகள் நாலு பேரும் போனாங்க. கடைக்குட்டி க்வென்டின், போர் விமானி, 1918 ஜூலை 14-ம் தேதி பிரான்ஸ் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டான். வயசு 20. அதுக்கப்புறம் அப்பா ஆறு மாசம்கூட இருக்கலை. 1919 ஜனவரி 6 அதிகாலை, சாகமோர் ஹில் வீட்டில், தூக்கத்திலேயே போயிட்டார்.