தராசு பிடித்த இலவோசியே

ஒட்சிசன், ஐதரசன் என்னும் சொற்களை இன்று நம் பாடசாலைகளிற் பயிலும் இளஞ்சிறாரும் அறிவர். அப்பெயர்களை உலகிற்கு வழங்கிய அந்துவான் இலவோசியே என்னும் பிரான்சிய அறிஞரின் வரலாற்றை அறிந்தார் அத்துணைப் பலரல்லர். அறிந்தாரும், அவர் பெரிய இரசாயன அறிஞர், புரட்சிக் காலத்தில் தலை வெட்டுண்டு இறந்தார் என்னும் அளவிலே நிறுத்திவிடுவர். அவரைக் கொன்றது மக்களின் அறியாமை என்று சொல்லி அமைதல் எளிது. ஆயின் ஊன்றி நோக்குவார்க்கு விடயம் அவ்வளவு எளிதாகத் தோன்றாது. ஒரு நாட்டு மக்கள் தம் கற்றோர்மீது வைத்த நம்பிக்கை எவ்வாறு சிறிது சிறிதாகத் தேய்ந்தது, அதனைத் தேய்த்ததிற் கற்றோர்க்கும் பங்கு எத்துணையது என்பதை அவர் வாழ்வு காட்டும். ஒரு கூற்று மெய்யோ பொய்யோ என்று வினாவுமுன், கூறினவன் எக்கட்சியான் என்று வினாவும் வழக்கம் இந்நாளில் எங்கணும் பெருகிவருதல் கண்டு மனம் வெதும்புவோர், அவ்வாழ்வினை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

1743 ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 26 ஆந் திகதி பாரிஸ் நகரிலே செல்வம் மிக்க வழக்கறிஞர் ஒருவரின் மகனாக இலவோசியே பிறந்தார். ஐந்து வயதிற் தாயை இழந்தார்; சிறியதாயொருவர் வளர்த்தார். தந்தையார் விருப்பப்படி சட்டம் பயின்று 1764 இற் பட்டமும் பெற்றார். ஆயினும் அவர் நெஞ்சம் நீதிமன்றத்தை நாடவில்லை. பாரிஸ் வீதிகளுக்கு இரவில் விளக்கிடும் முறைபற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு 1766 இல் அரசர் பொற்பதக்கம் அளித்தார். இரண்டாண்டுகளின் பின், இருபத்தைந்து வயதும் நிரம்பாத நிலையில், விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினராக ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

அவர் கையிலிருந்த கருவி தராசு. தராசு பழங்கருவியே. அதனை இறுதிச் சான்றாகக் கொண்டு இயற்கையை வினாவியதுதான் புதுமை. நீரை நெடுநேரம் காய்ச்சினால் அது மண்ணாக மாறும் என்று பலர் அந்நாளில் நம்பியிருந்தனர். காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வண்டல் படிதலை எவரும் கண்ணாற் காணலாமன்றோ? இலவோசியே கண்ணாடிப் பாத்திரமொன்றில் நீரிட்டு, வாயை அடைத்து, நிறுத்து, 101 நாட்கள் விடாது காய்ச்சினார். முடிவில் மீண்டும் நிறுத்தார். மொத்த நிறை மாறவில்லை. வண்டல் படிந்திருந்தது, ஆயின் பாத்திரம் நிறை குறைந்திருந்தது. கண்ணாடி கரைந்தே வண்டலாயிற்று. நீர் நீராகவே இருந்தது. கண் சொன்னதைத் தராசு மறுத்தது. இனி அவர் செய்த பெருஞ்செயல்கள் யாவும் இவ்வொரு வழக்கத்தின் விரிவே என்னலாம்.

கழகத்துட் புகுந்த அதே 1768 இல் அவர் வேறொரு காரியமுஞ் செய்தார். ஆயக்குத்தகைச் சங்கத்திற் பங்கு வாங்கினார். அச்சங்கம் அரசனுக்கு ஒரு தொகையை முன்னதாகக் கொடுத்துவிட்டு, உப்பு, புகையிலை, நகருட் புகும் பண்டங்கள் என்பவற்றின்மீதான வரியைத் தானே மக்களிடம் தண்டிக்கொள்ளும் செல்வர் கூட்டம். உப்பு வரியின் கொடுமை பெரிது. பல மாகாணங்களில், எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர்க்கும் இவ்வளவு உப்பு வாங்கியே தீரவேண்டும் என்னுங் கட்டாயம் இருந்தது. கள்ளமாக உப்புக் கொணர்ந்தாரைச் சங்கத்தின் காவலர் வேட்டையாடினர். குடிகள் அரசனை வெறுத்ததினும் இச்சங்கத்தையே மிகுதியாக வெறுத்தனர். இலவோசியேயோ அதனைத் தம் ஆய்வுக்குப் பொருளீட்டும் வழியெனக் கொண்டார்; ஈட்டியதிற் பெரும்பங்கை ஆய்வுகூடத்திற்கே செலவிட்டார் என்பதும் உண்மை. 1771 இல், சங்கத்தின் பங்காளர் ஒருவராகிய போல்சு என்பாரின் மகள் மரீ-ஆனை மணந்தார். பதின்மூன்று வயதுப் பெண்ணாக வந்த அம்மையார் ஆங்கிலமும் ஓவியமும் கற்று, கணவரின் ஆய்வுக்குறிப்புக்களை எழுதியும், ஆங்கில நூல்களை மொழிபெயர்த்தும், அவர் நூலுக்குப் படங்கள் வரைந்தும் பெருந்துணையாயினார். அவரைத் தனியே எழுதவேண்டும்; இங்கு இடமில்லை.

பொருள் எரியும்போது புளோஜிஸ்தன் என்னும் ஒன்று அதனினின்று வெளியேறுகின்றது என்பதே அக்கால விஞ்ஞானிகளின் கொள்கை. இலவோசியே கந்தகத்தையும் பொசுபரசையும் எரித்து நிறுத்தார். எரிந்தபின் நிறை கூடியிருந்தது. வெளியேறுவதொன்றுமில்லை, காற்றிலுள்ள ஒரு கூறு வந்து சேர்கின்றது என்று துணிந்தார். அக்கூறு யாதென்பது, 1774 இற் பாரிசுக்கு வந்த ஆங்கில அறிஞர் பிறீஸ்லி தாம் கண்ட வாயுவைப்பற்றிக் கூறியபின் தெளிவுற்றது. பிறீஸ்லி கண்டார்; கண்டது இன்னதென உணர்ந்தவர் இலவோசியே. பின்னர் நீரும் தனிப்பொருளன்று, இரு வாயுக்களின் சேர்க்கை என 1783 இல் அறிவித்தார்.

பெயரிடுதல்பற்றி ஒரு வார்த்தை கூறாது செல்ல இலக்கண ஆசிரியனாகிய எனக்கு மனமில்லை. 1787 இல் இலவோசியே, கித்தோன் தெ மோர்வோ, பெர்த்தொலே, பூர்குருவா ஆகிய நால்வரும் சேர்ந்து இரசாயனப் பொருள்களுக்குப் புதுப்பெயர் வகுத்தனர். அதுகாறும் பெயர்கள் நம் இலக்கணத்தார் கூறும் இடுகுறிகளாகவே கிடந்தன; இவர்கள் அவற்றைக் காரணப்பெயர்களாக்கினர். ஒரு பொருளின் பெயரைக் கேட்டவுடன் அதன் கூறுகள் விளங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. ஐதரசன் நீரை ஆக்குவது. ஒட்சிசன் அமிலத்தை ஆக்குவது. பிற்பெயரிற் பிழை நேர்ந்துவிட்டது. ஒட்சிசன் இல்லாத அமிலமும் உண்டெனப் பின்னர் தேவி என்னும் ஆங்கில அறிஞர் காட்டினார். எனவே காரணம் போய், பெயர் மட்டும் இடுகுறியாய் நிலைத்துவிட்டது. பெரியோர் பிழை அத்தகையது.

1784 இல் நிகழ்ந்தது நம் பொருளுக்கு மிக அணுக்கமானது. மெசுமர் என்னும் வைத்தியர் வியன்னாவிலிருந்து வந்து, கண்ணுக்குப் புலனாகாத உயிர்க்காந்தம் ஒன்றால் எந்நோயையும் தீர்ப்பதாகக் கூறிப் பாரிஸ் மக்களை மயக்கியிருந்தார். கூட்டம் கூட்டமாகச் சென்றனர்; மூர்ச்சித்தனர்; குணமடைந்தோம் என்றனர். பதினாறாம் லூயி மன்னர் இதனை ஆராய ஒரு குழுவை அமைத்தார். பாரிசில் அமெரிக்கத் தூதராயிருந்த பிராங்கிளின், வானியல் அறிஞர் பாயீ, வைத்தியர் கில்லொத்தின், இலவோசியே முதலியோர் அதில் இருந்தனர். பிராங்கிளின் இல்லத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் காந்தம் ஏற்றப்பட்டது. மெசுமரின் சீடர் தேர்ந்து கொணர்ந்த பன்னிரு வயதுச் சிறுவன் கண்கட்டப்பட்டு மரந்தோறும் நடத்தப்பட்டான். காந்தமேற்றாத மரத்தடியில் அவன் மூர்ச்சித்து வீழ்ந்தான்! நோய் தீர்த்தது காந்தமன்று, கற்பனையே எனக் குழு எழுதிற்று. அவ்வறிக்கை பல்லாயிரக்கணக்கில் அச்சிட்டுப் பரப்பப்பட்டது. எனினும் நம்பினோர் பலர் நம்பியே இருந்தனர். அறிக்கை பொய்யென்று அவர்கள் காட்டவில்லை. எழுதினோர் அரசனின் ஆட்கள், கழகத்தார், எளியோர் வைத்தியத்தைப் பொறாத மேலோர் என்றனர். திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்து, ஆராயாது தெளிதலும் தெளிந்தபின் ஐயுறுதலும் ஒருங்கே கேடென்றார். பாரிசார் அவ்விரண்டையும் ஒரே வேளையிற் செய்தனர்.

கழகத்தாரின் செருக்கையும் இவ்விடத்து மறைத்தல் தகாது. மாரா என்னும் வைத்தியர் தீயின் தன்மைபற்றிச் சில சோதனைகள் செய்திருந்தார். கழகம் அவற்றை ஒப்புக்கொண்டதாக 1780 இல் ஒரு பத்திரிகையிற் செய்தி வர, அது மெய்யன்றென இலவோசியே கழகத்திலே அறிவித்து மறுப்புச் செய்தார். மறுப்பு நியாயமே, சோதனைகளிற் சாரமில்லை. ஆயின் கழகத்தின் கதவம் தம்போல்வார்க்கு என்றும் திறவாதென மாரா அன்று உணர்ந்த அவமானம் அவர் நெஞ்சில் ஆறவில்லை. அரசனின் கொடையால் வாழும் சிலர் கூடி, எது அறிவு எது அறிவன்று என விதித்தலைக் கண்டு புழுங்கியவர் அவர் ஒருவர் மாத்திரமல்லர்.

அக்காலத்திலேயே இலவோசியே தம் வாழ்விற் பெரும்பிழையைச் செய்தார் என்பேன். வரி கொடாது நகருட் பண்டங்கள் கடத்தப்படுவதைக் கணக்கிட்டு, பாரிசைச் சூழ ஒரு மதில் எழுப்பினால் நட்டம் நீங்குமென ஆயச் சங்கத்திற்கு ஆலோசனை கூறினார். அவ்வாறே ஏறத்தாழ 24 கிலோமீற்றர் நீளத்தில் மதில் எழுந்தது. ஆயத்துறைக் கட்டடங்கள் கோயில்கள் போல அலங்காரமாக அமைக்கப்பட்டன. கணக்குப் பிழையில்லை. கணக்கில் வராதது ஒன்றே: நகரத்தார் தம்மைச் சிறையிலிட்டதாகக் கருதினர். அம்மதிலைச் சிலேடையால் இழித்துரைத்த பாட்டு ஊரெங்கும் வழங்கிற்று. 1789 ஆம் ஆண்டு யூலை மாதம், பத்தீல் சிறைக்கோட்டை தகர்க்கப்படுவதற்கு ஓரிரு நாட்கள் முன்பே, மக்கள் முதலிற் சென்று தீயிட்டது அவ்வாயத்துறைகளுக்கே.

அடுத்த மாதமே அவர் உயிருக்கு ஆபத்து நேர்ந்தது. 1775 முதல் அவர் வெடிமருந்துத் துறைக்கு ஆணையாளராயிருந்து, அதன் தரத்தையும் அளவையும் பெரிதும் உயர்த்தியிருந்தார். அமெரிக்கர் தம் விடுதலைப் போரில் அம்மருந்தையே பெற்றனர். வாணிகத்திற்கென வைத்திருந்த தாழ்ந்த மருந்தை அகற்றி நல்ல மருந்துக்கு இடஞ்செய்யும் பொருட்டு அது படகில் ஏற்றப்பட்டது. கண்டார், பகைவருக்கு மருந்து போகின்றதென்று கூவினர். இலவோசியே நகரமண்டபத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மருந்தின் தர வேறுபாட்டை அவர் விளக்கினார், அதிகாரிகளும் ஒப்புக்கொண்டனர். வெளியே நின்ற கூட்டத்திற்கோ தரமென்றும் வேறுபாடென்றும் ஒன்றுமில்லை. மதில் கட்டியவர் மருந்தை மட்டும் நேர்மையாக அனுப்புவாரோ என்பதே அவர்கள் எண்ணம். முன்னே இழந்த நம்பிக்கையைப் பின்னே மெய்யுரைத்து மீட்டல் அரிது.

புரட்சியை அவர் எதிர்த்தாரல்லர். வரிச்சுமை குறைத்தல், முதியோர்க்குப் பாதுகாப்பு நிதி என்பன பற்றி முன்னரே மாகாண சபையில் முயன்றவர். 1788 இன் பஞ்சத்திற் புளுவா நகரத்தார்க்குத் தானியம் வாங்க வட்டியின்றிப் பணம் உதவியவர். நாடெங்கும் ஒரே எடை, ஒரே அளவு வேண்டுமென்று புதிய ஆட்சி விரும்பியபோது, அயீ என்னும் அறிஞரோடு கூடித் தூயநீரின் நிறையைத் துல்லியமாக நிறுத்துக் கொடுத்தார். நம் கடைத்தெருவிலே இன்று வழங்கும் கிலோகிராமுக்கு அஃது அடிகோலிற்று. ஆயின் நாடு பிளவுண்டு கொண்டிருந்தது. ஒவ்வொரு கட்சியும் மற்றதைத் துரோகி என்றது. இடையே நின்று கணக்குச் சொல்வானை இரண்டும் ஐயுற்றன. மாரா தம் பத்திரிகையில் 1791 இல் இலவோசியேயைப் பெயர்சுட்டித் தாக்கினார். மதிலால் நகருக்குக் காற்று வராது தடுத்தார் என்பதும் ஒரு குற்றச்சாட்டு. காற்றின் கூறு இன்னதென உலகுக்குக் காட்டியவர்மீது இவ்வழக்கு! 1793 யூலையில் மாரா கொலையுண்டார். அவர் மூட்டிய தீ அவியவில்லை. ஓகத்து 8 ஆந் திகதி விஞ்ஞானக் கழகம் மூடப்பட்டது.

நவம்பர் மாதம் ஆயச் சங்கப் பங்காளரைச் சிறையிடுமாறு கட்டளை பிறந்தது. சில நாள் மறைந்திருந்த இலவோசியே, மாமனாரோடு தாமே சென்று சரணடைந்தார். எடை அளவுக் குழுவினர் அவர் விடுதலையை வேண்டினர். சில நாட்களில் அவரோடு, போர்தா, இலாப்பிளாஸ் முதலியோரும் அக்குழுவினின்று நீக்கப்பட்டனர். பெயரிடுதலில் அவரோடு உடனிருந்த கித்தோனும் பூர்குருவாவும் அவ்வேளை தேசிய மன்றத்தின் உறுப்பினர். பூர்குருவா அமர்ந்தது மாராவின் ஆசனத்தில். இருவரும் மன்றத்திலெழுந்து நண்பருக்காகப் பேசினாரல்லர். அச்சம் எல்லோர் நாவையும் கட்டியிருந்த காலம் அது எனப் பூர்குருவா பின்னாளில் விளக்கங் கூறினார். அதுவும் உண்மையே. ஆயினும் பாமரரை நோவார் இதனையும் உடன்வைத்து எண்ணவேண்டும்.

1794 மே மாதம் 8 ஆந் திகதி விசாரணை. மிகை வட்டி பெற்றனர், புகையிலையில் மிகையாக நீர் கலந்தனர், பகைவரோடு சேர்ந்து மக்களுக்குச் சதி செய்தனர் என்பன குற்றங்கள். 28 பேர்க்கு மரண தண்டனை. அன்றே நிறைவேறிற்று. மாமனார் போல்சு மூன்றாமவராகவும் இலவோசியே நான்காமவராகவும் மேடை ஏறினர். குடியரசுக்கு அறிஞர் வேண்டியதில்லை என்னும் கருத்துப்பட நடுவர் உரைத்ததாக ஒரு வசனம் நூல்தோறும் காணப்படும். அவ்விசாரணையின் ஏடுகளில் அஃதில்லை. பின்னர் வந்தோர் புனைந்தது. அவரை விஞ்ஞானியென்று எவரும் கொன்றாரல்லர். ஆயக்காரர் என்றே கொன்றனர். விஞ்ஞானி என்பது அவரைக் காக்கவில்லை, அவ்வளவே. மெசுமரை ஆராய்ந்த குழுவில் உடனிருந்த பாயீயும் முந்திய நவம்பரில் அதே பொறியில் மாண்டார். அப்பொறிக்குப் பெயர் அக்குழுவில் இருந்த மூன்றாமவராகிய கில்லொத்தினுடையது. அவர் அதைச் செய்தவரல்லர், நோவின்றிக் கொல்லும் பொறி வேண்டுமென இரக்கத்தாற் பரிந்துரைத்தவர்.

மூன்று மாதத்துக்குள் ரொபெஸ்பியர் வீழ்ந்தார். தீர்ப்புக் கூறிய கொப்பினாலும் ஓகத்து மாதத்தில் அப்பொறிக்கே இரையானார். மரீ-ஆன் அம்மையார் பறிமுதலான பொருளையும் ஏடுகளையும் மீளப்பெற்று, கணவரின் கட்டுரைகளைத் தொகுத்து அச்சிட்டு அறிஞர்க்கு வழங்கினார். 1900 இற் பாரிசில் மதலேன் தேவாலயத்தின் பின்புறத்தே, பல நாட்டார் கொடுத்த நன்கொடையால் இலவோசியேக்கு வெண்கலச் சிலை எடுக்கப்பட்டது. சிற்பி அவர் முகமென எண்ணி வடித்தது, கழகத்தின் செயலாளராயிருந்து அதே 1794 இற் சிறையில் மாண்ட கொந்தொர்சேயின் முகம். தவறு பின்னர்த்தான் வெளிப்பட்டது. சிலை திருத்தப்படாமலே நின்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பாரிஸ் செருமானியர் வசமிருந்தபோது, வெண்கலத்திற்காக அதனைக் கொண்டுபோய் உருக்கிவிட்டனர்.