இரும்பில் எழுதியிருப்பது: பந்தய எஞ்சின்களும் பீட்ரிஸ் ஷில்லிங்கும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் எங்களுக்கு 1942 ஏப்ரல் 9 என்பது பாட்டன் பாட்டி வாய்வழியாக வந்து சேர்ந்த திகதி. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. எண்ணெய்க் குதமொன்று பற்றி எரிந்தது. மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அதே நாளில் மூழ்கியது. சீனக்குடாவிலிருந்து எதிர்கொள்ள எழுந்தவை 261ஆம் படையணியின் ஹரிக்கேன் விமானங்கள். அவற்றைத் தூக்கிச் சென்றது ரோல்ஸ் ரோய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் எஞ்சின்.

அந்த எஞ்சின் வகைக்கு ஆரம்பத்தில் ஆளைக் கொல்லும் குறையொன்று இருந்தது. அதற்கு மாற்று வழி கண்டவர் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடிய ஒரு பெண். அவர் பெயர் பீட்ரிஸ் ஷில்லிங். பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின்களைப் பார்த்து அவை எந்த வகை, எந்த வருடத்தவை என்று சொல்லும் வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருபவன் நான். விமானங்களின் வரலாறு என்னை ஷில்லிங்கிடம் கொண்டுசேர்க்கவில்லை. அவர் ஓட்டிய நோர்ட்டன் வண்டியின் வழியாகத்தான் அவரை அறிந்துகொண்டேன்.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகளுக்காகப் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களில் பிஎஸ்ஏ எம்20, நோர்ட்டன் 16எச், மட்ச்லெஸ் ஜி3எல் ஆகியவை முக்கியமானவை. பிரித்தானியர் 1957இல் இங்கிருந்த தளங்களைக் கையளித்துவிட்டுப் போனார்கள். அந்தக் கால வண்டியின் எஞ்சினொன்று பழைய இரும்புக் குவியலில் அகப்பட்டால், அது பந்தய நோர்ட்டன், லட்சக்கணக்கில் பெறுமதி என்று நம்பி என்னிடம் கொண்டுவருபவர்கள் உண்டு. அநேகமாக அது படையினர் ஓட்டிய சாதாரண 16எச் ஆக இருக்கும்.

இதில் ஏமாறுவது இலகு. 16எச் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 79 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 100 மில்லிமீற்றர், கொள்ளளவு 490 சிசி. ஷில்லிங் ஓட்டிய நோர்ட்டன் எம்30 பந்தய எஞ்சினுக்கும் அளவுகள் இவையேதான். அளவுகோலை மட்டும் நம்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும். வேறுபாடு தலையில் இருக்கிறது. 16எச்சின் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் நிற்கும். பந்தய எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு எஞ்சினின் உச்சியிலேயே சுழலும். அதற்குச் சுழற்சியைக் கொண்டுபோக, வலப்புறமாக ஒரு குழாயும் அதற்குள் ஒரு தண்டும், இரு முனைகளிலும் சரிவுப் பற்சக்கரங்களும் இருக்கும். அந்த நிமிர்ந்த குழாயைக் கண்டால்தான் நான் இரண்டாம் முறை குனிந்து பார்ப்பேன்.

அடுத்த கேள்வி வருடம். இந்த வகை எஞ்சினை நோர்ட்டனுக்காக 1927இல் முதலில் செய்தவர் வோல்ட்டர் மூர். அதன் பக்க உறை கிரிக்கெட் மட்டை போலத் தெரிவதால் அந்தப் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். மூர் 1929இல் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்துக்குப் போய் அங்கும் ஏறத்தாழ அதே சாயலில் ஓர் எஞ்சின் செய்தார். ஆகவே மட்டை உறையைக் கண்டதும் நோர்ட்டன் என்று முடிவுகட்டவும் கூடாது. 1930இல் ஆர்தர் கரோல் நோர்ட்டனின் எஞ்சினைப் புதிதாக வடிவமைத்தார். 1930களின் பந்தயங்களில் நோர்ட்டன் வாங்கிய பெயர் இந்த எஞ்சினால் வந்தது.

துணைச் சாட்சிகளும் உண்டு. லூக்கஸ் மெக்னீற்றோவில் செய்யப்பட்ட மாதமும் வருடமும் பெரும்பாலும் குத்தப்பட்டிருக்கும். அமால் காபரேற்றர் 1920களின் பிற்பகுதியில்தான் சந்தைக்கு வந்தது. பல பிரித்தானிய எஞ்சின்களில் கிராங்க் கேஸின் இரு பாதிகளிலும் ஒரே சோடி இலக்கம் இருக்கும். அவை ஒத்துப்போகாவிட்டால் இரண்டு எஞ்சின்கள் ஒன்றாக்கப்பட்டுள்ளன என்று பொருள். எஞ்சின் நம்பர் உள்ள இடம் சுற்றியுள்ள உலோகத்தைவிடச் சற்றுப் பள்ளமாகவோ பளபளப்பாகவோ இருந்தால், பழையதை அராவிவிட்டுப் புதியதைக் குத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் எஞ்சின் நம்பர் அது பிறந்த நாளைத்தான் சொல்லும். வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லாது. பந்தய எஞ்சினுக்கு இது இன்னும் பொருந்தும். ஒவ்வொரு பருவத்திலும் பிஸ்டன் மாறும், வால்வு மாறும், காற்று வரும் வழி அகலமாக்கப்படும். யாருடைய கை அதில் வேலை செய்தது என்பதை அந்த வேலையைப் பார்த்துத்தான் அறியலாம். ஷில்லிங்கின் வாழ்க்கையையும் அப்படித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

அவர் 1909 மார்ச் 8இல் ஹம்ப்ஷயரில் வோட்டர்லூவில் என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் இறைச்சிக் கடைக்காரர். பதினான்கு வயதில் ரோயல் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிளொன்றை வாங்கி, அதைக் கழற்றுவதிலும் பூட்டுவதிலும் தொழிலைப் படிக்கத் தொடங்கினார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மார்கரட் பாட்ரிஜ் என்ற பெண் பொறியியலாளரின் நிறுவனத்தில் சேர்ந்து, வீடுகளுக்கு மின் கம்பி இழுத்தார், மின்பிறப்பாக்கிகளைப் பொருத்தினார். மூன்று வருடம் அப்படிக் கை அழுக்காக உழைத்த பிறகுதான் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிக்கப் போனார். 1932இல் பட்டம் பெற்றார். அடுத்த வருடம் இயந்திரப் பொறியியலில் முதுமாணி. பின்னர் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், அழுத்திய காற்றை உள்ளே செலுத்தும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்கள் பற்றிய ஆய்வில் உதவியாளரானார்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பந்தயக்காரர்களின் புண்ணிய பூமி புறூக்லண்ட்ஸ். 1907இல் திறக்கப்பட்ட அந்தக் கொங்கிறீற் ஓடுபாதையின் வளைவுகள் சுவர் போலச் சரிந்து நிற்கும். பந்தயத்தில் ஒரு சுற்றை மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் முடிக்கும் மோட்டார் சைக்கிள்காரருக்குத் தங்க நட்சத்திரப் பதக்கம் கொடுப்பார்கள். ஷில்லிங் தன் கையாலேயே பழுதுபார்த்துச் சீர்செய்த நோர்ட்டன் எம்30இல் 1934இல் அதைப் பெற்றார். அங்கே அந்தப் பதக்கத்தைப் பெற்ற பெண்கள் மூன்றே பேர். மற்ற இருவர் ஃபுளோரன்ஸ் பிளெங்கிரனும் தெரேசா வோலக்கும்.

1936இல் ஃபார்ன்பரோவிலிருந்த அரச விமான ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. முதலில் கொடுத்தது தொழில்நுட்பக் கையேடுகள் எழுதும் மேசை வேலை. அது அவருக்கு ஒத்துவரவில்லை. சிறிது காலத்தில் எஞ்சின் பிரிவுக்கு மாறி, காபரேற்றர்களில் தேர்ச்சி பெற்றார். 1938இல் அங்கேயே வேலைசெய்த ஜோர்ஜ் நாய்லரை மணந்தார். நாய்லரும் புறூக்லண்ட்ஸில் தங்க நட்சத்திரம் வாங்கிய பிறகுதான் ஷில்லிங் சம்மதித்தார் என்று ஒரு கதை உலவுகிறது.

பிறகு போர் வந்தது. மெர்லின் எஞ்சினின் குறை 1940இல் வான்சண்டைகளில் வெளிப்பட்டது. விமானி முக்கை சட்டென்று கீழே அழுத்தினால், பள்ளத்தில் இறங்கும் பஸ்ஸில் எங்கள் வயிறு மேலெழுவது போல, காபரேற்றரின் மிதவை அறையில் உள்ள பெற்றோல் மேற்பக்கமாக எறியப்படும். ஜெற்றுக்குப் பெற்றோல் கிடைக்காமல் எஞ்சின் இருமும். அடுத்த கணம் மிதவை தடுமாறி, பம்ப் தள்ளும் பெற்றோல் முழுவதும் உள்ளே பாயும். அளவுக்கு மிஞ்சிய பெற்றோலில் எஞ்சின் மூச்சடைத்து நின்றுவிடும். ஜெர்மன் மெசஸ்மிட் விமானங்களில் எரிபொருள் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீச்சப்பட்டதால் இந்தத் தொல்லை இல்லை. அவை குத்துக்கீழாகப் பாய்ந்து தப்பின. துரத்திய விமானத்தின் எஞ்சின் நின்றுபோனது.

காபரேற்றரைப் புதிதாக வடிவமைக்க வருடங்கள் ஆகும். ஷில்லிங் ஒரு பித்தளைத் துண்டைக் கொண்டுவந்தார். முதலில் விரற்சிமிழ் போன்ற வடிவம், பின்னர் நடுவில் துளையுள்ள தட்டையான வாசர். எஞ்சின் முழுவலுவில் ஓடும்போது எவ்வளவு பெற்றோல் தேவையோ அவ்வளவு மட்டும் போகக்கூடியதாக அந்தத் துளையின் அளவைக் கணித்தார். குறை முழுதாகத் தீரவில்லை. எஞ்சினை மூச்சடைக்கவைத்த வெள்ளம் மட்டும் நின்றது. விமானத்தைச் சேவையிலிருந்து எடுக்காமலே பொருத்தலாம் என்பது அதன் பெரும் பலன். சிறு குழுவோடு தளம் தளமாகப் போய், தன்னுடைய நோர்ட்டனிலேயே ஓடித் திரிந்து, 1941 மார்ச் அளவில் போர் விமானப் பிரிவு முழுவதற்கும் அதைப் பொருத்தி முடித்தார். 1943இல் அழுத்தக் காபரேற்றர்கள் வரும்வரை அந்த வாசர் தாக்குப்பிடித்தது. விமானிகள் அதற்கு வைத்த பட்டப்பெயர் அவ்வளவு மரியாதையானதல்ல. ஆனால் அந்தப் பெயரோடுதான் அவர் இன்றும் நினைக்கப்படுகிறார்.

போர் விமானத்தின் எஞ்சின் திறமாக ஓடியதற்காக மகிழ எனக்கு மனம் வராது. வானத்தில் இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் பிள்ளைகளைத் தள்ளிய தலைமுறை நாங்கள். ஷில்லிங்கின் கதையில் என்னைத் தொடுவது வேறொன்று. கைவசம் உள்ளதைக் கொண்டு, நிறுத்தாமல் ஓடச்செய்யும் அறிவு அது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கிலும் வன்னியிலும் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோமே, அங்கும் பிரச்சினை காபரேற்றர்தான். சில துளி பெற்றோலைச் சிறு போத்தலால் பீச்சி எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிய கராஜ்காரர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் செய்ததும் ஷில்லிங் செய்ததும் ஒரே வகை வேலை.

போருக்குப் பின்னும் அவர் ஓயவில்லை. 1969 வரை ஃபார்ன்பரோவில் பணிபுரிந்தார். கணவரோடு சேர்ந்து மோட்டார் காரில் பந்தயம் ஓடினார். ஓ.பி.ஈ. விருதும் சறே பல்கலைக்கழகத்தின் கௌரவக் கலாநிதிப் பட்டமும் கிடைத்தன. 1990 நவம்பர் 18இல் காலமானார்.

முள்ளிவாய்க்காலில் குவிந்து துருப்பிடித்துக் கிடந்த மோட்டார் சைக்கிள்களின் படங்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வண்டியின் புத்தகம் இடம்பெயர்வில் தொலைந்திருக்கும். இலக்கத் தகடு கழன்றிருக்கும், வர்ணம் எரிந்திருக்கும். பல வண்டிகளில் எஞ்சினில் குத்திய இலக்கம் மட்டும் மிஞ்சியது. அதற்கடுத்து மிஞ்சுவது உரியவரின் கைவேலை: அவர் வெட்டிப் போட்ட வாசர், கம்பியால் கட்டிய பிடி, ஒட்டிய வெல்டிங். கணவனின் வண்டியை, மகனின் வண்டியைப் பெண்கள் அந்த வெல்டிங்கைப் பார்த்து அடையாளம் கண்டதை நான் அறிவேன்.

ஆகவே உங்கள் வீட்டுப் பின்புறத்தில் பழைய எஞ்சினொன்று கிடந்தால், இரும்பு வாங்குபவரிடம் கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இலக்கம் உள்ள இடத்தை அராவ வேண்டாம், கம்பித் தூரிகையும் வேண்டாம். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள். சோக்குக் கட்டியைத் தேய்த்தால் எழுத்து தெளிவாகும். எஞ்சினிலும் செசியிலும் உள்ள இலக்கங்களைப் படமெடுங்கள். கையால் செய்த மாற்றங்கள் தெரிந்தால் அவற்றையும் எடுங்கள். அது பந்தய எஞ்சினாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் அதை ஓட்டியவர் யார், பழுதுபார்த்தவர் யார் என்பதைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்னால் எழுதிவையுங்கள்.