அந்திரே சிற்றோயன் (1878 – 1935)



சிற்றோயன் காரின் முகப்பைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே கூரை வடிவான இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காணப்படும். அவை எதனைக் குறிக்கின்றன தெரியுமா? பற்சில்லின் பற்களையே!

அந்திரே சிற்றோயன் 1878 பெப்ரவரி 5 ஆம் திகதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் ஒல்லாந்தைச் சேர்ந்த வைர வணிகர். தாயார் போலந்து நாட்டவர். ஆறு வயதிலேயே தந்தையை இழந்த அவர், ஊக்கமாகக் கற்று பாரிஸிலுள்ள புகழ்பெற்ற பொலிரெக்னிக் கல்லூரியில் அனுமதி பெற்றார்.

1900 ஆம் ஆண்டளவில் தாயாரின் நாடான போலந்துக்குச் சென்றபோது, கூரை வடிவப் பற்களைக் கொண்ட மரப் பற்சில்லுகளைக் கண்டார். இவ்வடிவத்தின் சிறப்பை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். சாதாரண பற்சில்லில் பற்கள் அச்சுக்குச் சமாந்தரமாக இருக்கும். ஒவ்வொரு பல்லும் திடீரெனச் சுமையை ஏற்பதால் அதிர்வும் இரைச்சலும் உண்டாகும். பற்களைச் சாய்வாக அமைத்தால் ஒரே நேரத்தில் பல பற்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் அச்சாய்வு சில்லை ஒரு பக்கமாகத் தள்ளும். இரு சாய்வுகளையும் எதிரெதிராகச் சேர்த்தால் அத்தள்ளுகை நீங்கிவிடும். கூரை வடிவத்தின் பயன் இதுவே.

இதற்கான ஆக்கவுரிமையைச் சிற்றோயன் வாங்கினார். கடினமான உருக்கில் இப்பற்களைத் திருத்தமாக வெட்டுவது எளிதன்று. அதனை அவர் சாதித்தார். 1913 இல் அவரது பற்சில்லுக் கம்பனி உருவானது. முதலாம் உலகப் போரின்போது எறிகணைத் தொழிற்சாலை அமைத்த அவர், 1919 இல் கார் உற்பத்தியில் இறங்கினார். 1925 முதல் 1934 வரை ஈபல் கோபுரத்தில் அவரது பெயர் மின்விளக்குகளால் ஒளிர்ந்தது.

எனினும் கடன் பெருகியது. பற்சில்லில் எதிரெதிர் விசைகளைச் சமப்படுத்தியவரால் வரவையும் செலவையும் சமப்படுத்த இயலவில்லை. முன்சில்லுகளால் இயங்கும் புதிய கார் வெளிவந்த 1934 ஆம் ஆண்டிலேயே கம்பனி முறிவடைந்து, மிச்செலின் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1935 யூலை 3 ஆம் திகதி அவர் காலமானார்.

மாணவர்களே, கூரை வடிவப் பல்லைச் சிற்றோயன் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பிறர் மரத்தில் செய்ததன் பெறுமதியை உணர்ந்து, அதனை உருக்கில் செய்துகாட்டினார். கம்பனி கைமாறியபோதும் அவரது பற்சில்லின் அடையாளம் இன்றும் நிலைத்திருக்கிறது.

நினைவிற் கொள்க:
• சாய்ந்த பற்கள் – சுமை பகிரப்படும்.
• எதிரெதிர்ச் சாய்வு – பக்கத் தள்ளுகை நீங்கும்.
• 1913 – பற்சில்லுக் கம்பனி. 1919 – கார் உற்பத்தி.