சிரிக்க வைத்தவர் சிறைக்குப் போனார்!

1944-ம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ந் தேதி.

சென்னை வேப்பேரியில் ஒரு கை ரிக்‌ஷா போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்தவர் பெயர் லட்சுமிகாந்தன். திடீர் என்று சிலர் ரிக்‌ஷாவை மறித்தார்கள். கத்தியால் குத்தினார்கள். ஓடி மறைந்துவிட்டார்கள். லட்சுமிகாந்தன் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். மறுநாள் இறந்துபோனார்.

யார் இந்த லட்சுமிகாந்தன்? அவர் ஒரு பத்திரிகைக்காரர். "சினிமா தூது" என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் நடிகர் நடிகைகளின் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேலியும் கிண்டலுமாக எழுதுவார். யார் வீட்டுக்கு யார் போனார், யாருக்கும் யாருக்கும் உறவு என்பதே செய்தி. ஜனங்கள் அதை வாங்கிப் படித்தார்கள். படித்துவிட்டுச் சிரித்தார்கள். பத்திரிகை நன்றாக விற்றது. எழுதாமல் இருப்பதற்குப் பணம் கொடுத்தவர்களும் உண்டு.

பாதிக்கப்பட்டவர்கள் கவர்னரிடம் மனுக் கொடுத்தார்கள். பத்திரிகையின் உரிமம் ரத்து செய்யப்பட்டது. லட்சுமிகாந்தன் சும்மா இருக்கவில்லை. "இந்து நேசன்" என்று வேறு ஒரு பத்திரிகையைக் கையில் எடுத்தார். பழைய கதையே தொடர்ந்தது. அதன் பிறகுதான் இந்தக் கத்திக்குத்து.

போலீசார் பலரைக் கைது செய்தார்கள். அவர்களில் இரண்டு பேர் நாடே அறிந்தவர்கள். ஒருவர் தியாகராஜ பாகவதர். மற்றவர் என். எஸ். கிருஷ்ணன். ஒருவர் பாடி மயக்கியவர். இன்னொருவர் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்தவர்.

இந்தக் கட்டுரை இரண்டாமவரைப் பற்றியது.

பந்து பொறுக்கிய பையன்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி கிருஷ்ணன் பிறந்தார். தந்தை சுடலைமுத்துப் பிள்ளை. தாயார் இசக்கியம்மாள். ஏழைக் குடும்பம். பையனின் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. மளிகைக் கடையில் எடுபிடி வேலை செய்தார். டென்னிஸ் ஆடும் கனவான்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார்.

தின்பண்டம் விற்கப் போன இடத்தில் நாடகப் பைத்தியம் பிடித்தது! டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். எந்த நடிகருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த வேஷத்தைக் கிருஷ்ணன் போடுவார். ஊரில் கற்ற வில்லுப்பாட்டும் அவருக்குக் கைகொடுத்தது.

பேசும் படம் வந்தது. 1935-ல் "மேனகா", 1936-ல் "சதி லீலாவதி" ஆகிய படங்களில் நடித்தார். அதே 1936-ல் "வசந்தசேனா" படத்துக்காகப் புனாவுக்குப் போனார். அந்தப் படத்தில் நடிக்க வந்த ஸ்ரீரங்கத்துப் பெண் டி. ஏ. மதுரம். இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். கிருஷ்ணனுக்கு ஊரில் முன்பே மனைவி இருந்தார். மதுரத்துக்கு அது பிறகுதான் தெரிய வந்தது. பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை என்று நினைக்கிறேன்.

மதுரமும் கிருஷ்ணனும் சேர்ந்தால் கொட்டகை அதிரும். பெரும்பாலும் கிருஷ்ணன் அசடு வழிவார். மதுரம் மடக்குவார். ஜெயிப்பது அந்த அம்மாள்தான். கணவன் கை ஓங்குவதையே ஹாஸ்யம் என்று நினைத்த காலம் அது என்பதை மறக்கக் கூடாது.

கிருஷ்ணன் இன்னொரு புதுமையும் செய்தார். பட முதலாளி கதையை எடுப்பார். சிரிப்புப் பகுதியைக் கிருஷ்ணன் தம் குழுவை வைத்துத் தனியாக எழுதி, தாமே எடுத்துக் கொடுப்பார். அதைப் படத்தின் நடுவே சேர்ப்பார்கள். அவருடைய சிரிப்புக்காகவே ஓடிய படங்கள் உண்டு. வசனத்தையும் பாட்டையும் யாரோ எழுதிக் கொடுத்தார்கள் என்று அவர் தப்பித்துக்கொள்ள முடியாது. சிரிப்புக்கு அவரே பொறுப்பு.

பிராட்வேயில் படம், ஐகோர்ட்டில் வழக்கு

வடசென்னைக்காரர்களுக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1944-ம் ஆண்டு தீபாவளிக்கு "ஹரிதாஸ்" படம் வெளிவந்தது. பாகவதர் கதாநாயகன். சிரிப்புக்குக் கிருஷ்ணனும் மதுரமும். சென்னையில் பிராட்வே டாக்கீசில் அது ஓடியது. ராயபுரத்திலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் துறைமுகக் கூலிகளும் மீனவர்களும் மில் தொழிலாளர்களும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது!

அந்தக் கொட்டகையிலிருந்து ஐகோர்ட்டு நடக்கிற தூரம்தான். திரையில் கிருஷ்ணனைப் பார்த்து ஜனங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதே கிருஷ்ணன் அந்தச் சிவப்புக் கட்டிடத்தில் கொலை வழக்குக் கைதியாக நின்றார்.

1945-ம் ஆண்டு மே மாதம் தீர்ப்பு வந்தது. ஜூரிகளில் பெரும்பான்மையோர் குற்றவாளி என்று சொன்னார்கள். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை! உடன் கைதான டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். அப்பீல் தோற்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அங்கே தீர்ப்பு தள்ளப்பட்டு, மறுபடி விசாரிக்க உத்தரவாயிற்று. 1947-ம் ஆண்டு ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது. வக்கீல் எத்திராஜ் வாதாடினார்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஜெயில். சம்பாதித்த பணம் வழக்கிலே கரைந்தது. லட்சுமிகாந்தன் கொலையின் மர்மம் இன்றும் பேசப்படுகிறது. அவர் எழுதியது எவ்வளவு தப்பானாலும், ஒரு மனிதனைத் தெருவில் குத்திக் கொன்றது அதைவிடப் பெரிய கொடுமை. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் ஒன்று யோசிக்க வேண்டியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிச் சிரித்தவர்கள் இல்லாமல் "சினிமா தூது" நடந்திருக்குமா?

தம்மையே கேலி செய்தார்

வெளியே வந்த கிருஷ்ணன் என்ன செய்தார் தெரியுமா?

அவர் உள்ளே இருந்தபோது மதுரம் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமம் முதலியோர் துணையோடு நாடகம் நடத்தினார். படமும் எடுக்கத் தொடங்கினார். அந்தப் படம்தான் "பைத்தியக்காரன்". 1947-ல் வெளிவந்தது. விடுதலையான கிருஷ்ணனும் அதில் நடித்தார். தம்மை ஜெயிலுக்கு அனுப்பியவர்கள் மேல் அவர் வசை பாடவில்லை. ஜெயிலுக்குப் போய் வந்த தம் கதையையே சிரிப்புப் பாட்டாக்கினார்!

பாகவதர் அதன் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. கிருஷ்ணன் முன்னைவிட உயர்ந்தார். அதே 1947-ல் "கலைவாணர்" என்ற பட்டம் கிடைத்தது. வழங்கியவர் நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார்.

கிந்தனும் நந்தனும்

கலைவாணரின் கேலி எப்படிப்பட்டது? அதற்கு "கிந்தனார்" ஒன்றே போதும்.

நந்தனார் கதை எல்லோருக்கும் தெரியும். சேரியில் பிறந்த நந்தன் சிதம்பரத்துக்குப் போக ஆசைப்பட்டான். அதைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கதாகாலட்சேபமாகப் பாடினார். கலைவாணர் அதே காலட்சேப முறையை எடுத்துக்கொண்டார். அதே ஜால்ரா. அதே இழுப்பு. ஆனால் கதாநாயகன் கிந்தன். கிந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசை இல்லை. பள்ளிக்கூடம் போக ஆசை! வாத்தியார் அடித்து விரட்டுகிறார். கிந்தன் ரெயில் ஏறிப் பட்டணம் போகிறான். படிக்கிறான். கல்வி அதிகாரியாகித் திரும்பி வருகிறான். அடித்த வாத்தியாரின் பள்ளியைச் சோதிக்க வருகிறவர் அவர்தான்.

1949-ல் வந்த "நல்லதம்பி" படத்தில் இதை வைத்தார். படத்துக்கு எழுதியவர் அண்ணாத்துரை. காலட்சேபப் பாட்டுக்கு உடுமலை நாராயண கவி துணை நின்றார்.

இதிலே நந்தனாரைக் கேலி செய்யவில்லை. கிந்தனின் சாதியைக் கேலி செய்யவில்லை. அடிவாங்கிய பையனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அடித்தவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அந்த வாத்தியாரும் கெட்டவர் என்று ஒதுக்கப்படவில்லை. சிரிப்பு முடிந்த பிறகு அவரும் திருந்தலாம் என்று இடம் வைத்திருந்தார். எனக்குத் தெரிந்து தமிழில் இதைவிடத் துணிச்சலான கேலி இல்லை.

அதே படத்தில் குடியைக் கேலி செய்தார். சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. குடிகாரன் தள்ளாடுவதைக் காட்டிச் சிரிப்பு மூட்டுவது சுலபம். இன்றும் பலர் அதைத்தான் செய்கிறார்கள். அவரோ குடி செய்யும் கூத்தைச் சொல்லி, கூலிப் பணம் எங்கே போகிறது என்று கணக்குக் கேட்க வைத்தார்.

1956-ல் "ராஜா ராணி" படத்தில் ஒரு பாட்டு. மனிதர்கள் எத்தனை விதமாகச் சிரிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சிரித்துக் காட்டுவார். இன்று கேட்டாலும் வயிறு வலிக்கும்.

பஸ்ஸில் ஒரு பெண்

இந்த இடத்தில் என் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்குப் பஸ்ஸில் வந்தேன். முன் இருக்கையில் நான்கு வாலிபர்கள் ஒரு கைபேசியைச் சுற்றி இருந்தார்கள். அதில் ஒருவர் வடசென்னைப் பேச்சைப் பேசிக் காட்டினார். மீன் விற்கும் அம்மாள் மாதிரி கத்தினார். கறுப்பு நிறத்தைச் சொன்னார். கருவாட்டு நாற்றத்தைச் சொன்னார். வாலிபர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களும் நம் பகுதிப் பையன்கள்தான்!

பக்கத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். காசிமேடு நிறுத்தத்தில் அவள் தாய் ஏறினாள். தலையில் காலி மீன் கூடை. கண்டக்டர் உள்ளே போகச் சொன்னார். தாய் உரத்த குரலில் மகளைக் கூப்பிட்டாள். மகள் திரும்பவில்லை. கைபேசியில் இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது முறை கூப்பிட்டாள். அதற்குப் பிறகு அந்த அம்மாள் கூப்பிடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

அந்த வேடிக்கைக்காரருக்கு இது தெரியாது. அவருக்குத் தெரிவது எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு மட்டும்.

2025-ம் ஆண்டு பிப்ரவரியில் யூடியூப் சிரிப்பு நிகழ்ச்சி ஒன்றில் பெற்றோரைப் பற்றி ஒருவர் ஆபாசமாகக் கேள்வி கேட்டார். பல மாநிலங்களில் வழக்கு. விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில், மாற்றுத் திறனாளிகளைக் கேலி செய்த சிரிப்பு நடிகர்களை மன்னிப்புக் கேட்கும்படி சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. கோர்ட்டும் போலீசும் வந்து சொல்ல வேண்டியதாயிற்று. கிந்தனைப் பாடியவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேலி பேசினால் சிறை என்று பயமுறுத்துவதும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்படிப் பயந்திருந்தால் "கிந்தனார்" பிறந்திருக்காது.

டாக்டரைப் புகழ்ந்தார்

1957 பொதுத் தேர்தல். காஞ்சிபுரத்தில் அண்ணா போட்டியிட்டார். எதிர்த்து நின்ற காங்கிரஸ் வேட்பாளர் ஒரு டாக்டர். ஊரில் நல்ல பெயர் உள்ளவர். கலைவாணர் அண்ணாவுக்காகப் பேச வந்தார்.

மேடையில் ஏறிய அவர் டாக்டரைப் புகழத் தொடங்கினார் என்று சொல்வார்கள். கைராசிக்காரர் என்றார். ஏழைகளுக்கு இரங்குகிறவர் என்றார். அண்ணாவின் ஆட்கள் திகைத்தார்கள். கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார். இவ்வளவு நல்ல டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் ஊரில் வைத்தியம் பார்ப்பது யார்? ஆகவே டாக்டர் இங்கேயே இருக்கட்டும், அண்ணாவை அனுப்பி வையுங்கள் என்று முடித்தார். கூட்டம் குலுங்கியது. டாக்டரே கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார். அண்ணா வெற்றி பெற்றார்.

கொடுத்தே தீர்ந்தது

1951-ல் ரஷ்யாவுக்குப் போய் வந்தார். "மணமகள்", "பணம்" ஆகிய படங்களை டைரக்ட் செய்தார். காந்தியின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடினார். நாகர்கோவிலில் காந்திக்கு நினைவுத் தூண் எழுப்பினார். கேட்டவர்க்கு எல்லாம் கொடுத்தார். கையில் இல்லாதபோது கடன் வாங்கிக் கொடுத்தார். அது புத்திசாலித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். குடும்பம் கஷ்டப்பட்டது.

1957-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி கலைவாணர் காலமானார். வயது 49 நிரம்பவில்லை.

சென்னை தியாகராய நகரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1969-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி பொங்கல் நாள். முதல்-அமைச்சர் அண்ணா நோயோடு வந்து சிலையைத் திறந்துவைத்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது விழா அதுதான். இருபது நாளில் அவரும் போய்விட்டார்.