எல்லோருக்கும் வாக்குரிமை கோரிய அம்பேத்கர்

புதுதில்லி: சொத்து, வரி, கல்வித் தகுதி உடையோரே வாக்களித்த காலத்தில், வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கோரியவர் அம்பேத்கர் (1891-1956). மும்பை எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்ற அவர், 1928-இல் சைமன் குழுவிடம் இதனை வலியுறுத்தினார். எழுத்தறிவின்மை அறிவின்மை ஆகாது என 1929-ஆம் ஆண்டு அறிக்கையில் வாதிட்டார். ஆயினும் 1935-ஆம் ஆண்டுச் சட்டம், வயது வந்தோரில் ஒரு பகுதியினருக்கே அவ்வுரிமையை அளித்தது.

அவர் தலைமையிலான வரைவுக் குழு உருவாக்கிய அரசியல் சட்டத்தின் 326-ஆவது பிரிவு அந்தத் தடைகளை நீக்கியது. முதல் பொதுத் தேர்தலில் 17 கோடிக்கும் அதிகமானோர் வாக்காளர்களாயினர்.

அத்தேர்தலில் வடக்கு மும்பையிலும், 1954 இடைத்தேர்தலில் பண்டாராவிலும் வாக்காளர்கள் அவரையே தோற்கடித்தனர். மும்பை தாதரில் அவரது உடல் தகனம் செய்யப்பட்டது. வாக்களிக்கக் கல்வியோ சொத்தோ இன்றுவரை தகுதியாக்கப்படவில்லை.